டீசலா, பெட்ரோலா? ஒரு முறை ஸ்டார்ட் செய்தால் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?

வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் டீசல், அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் என்று ஒரு கணக்கு நெடுநாளாகப் புழங்கி வருகிறது. டீசல் இன்ஜினில் ஒரு பம்பும் நான்கு நாசிலும் மட்டுமே இருந்த காலத்துக்கு அந்தக் கணக்கு போதும். இன்றைய டீசல் காரின் புகைக் குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கேட்டலிஸ்ட், அவற்றைக் கண்காணிக்கும் வெப்ப சென்சார்கள், அழுத்த சென்சார்கள் எல்லாம் வந்துவிட்டன. இவை சூடேறினால்தான் வேலை செய்யும். அதனால் வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதை விட, ஒரு முறை ஸ்டார்ட் செய்தால் அணைப்பதற்குள் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. தினமும் 5 கிலோமீட்டர் வீதம் பத்து முறை ஓடும் காரும், ஒரே ஓட்டமாக 50 கிலோமீட்டர் போகும் காரும் ஓடோமீட்டரில் ஒன்றுதான். டீசல் இன்ஜினுக்கு அந்த இரண்டும் முற்றிலும் வேறு.

முதலில் ஓட்டிப் பார்த்தால் தெரியும் வித்தியாசம். 1.5 லிட்டர் கொள்ளளவை எடுத்துக்கொள்வோம். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின் 115 குதிரைத்திறனை ஒட்டித் தரும். டார்க், அதாவது சுழற்றும் விசை, 145 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) பக்கம் போனால்தான். அதே கொள்ளளவு டீசலும் கிட்டத்தட்ட அதே குதிரைத்திறன்தான், ஆனால் டார்க் 250, அதுவும் 1,500க்கும் 2,750க்கும் நடுவிலேயே கிடைத்துவிடும். டர்போ பெட்ரோல் 160 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டரும் தரும். எண்களை மட்டும் பார்த்தால் டர்போ பெட்ரோல்தான் ஜெயிக்கிறது. ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானுமாக மலைப்பாதையில் ஏறும்போது டீசலின் அருமை தெரியும். மூன்றாவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் அது இழுத்துக்கொண்டே போகும், கியரை இறக்க வேண்டிய அவசியமே வராது. டர்போ இல்லாத பெட்ரோல் காரில் அதே ஏற்றத்துக்கு இரண்டாவது கியர் போட்டு 4,000 வரை கத்த விட வேண்டும்.

டீசலின் குறையும் இதே இடத்தில்தான். 1,400 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ எழும்பாது. நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது காலை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று தள்ளும். டீசல் இன்ஜினில் பிளாக், கிராங்க், தலைப்பகுதி எல்லாமே கனம் என்பதால் முன் சக்கரங்களின் மேல் சுமை கூடுதல். வளைவில் வேகமாகத் திரும்பும்போது மூக்கு வெளிப்பக்கம் போகப் பார்க்கும். கதவை மூடிவிட்டால் சத்தம் பெரிய தொந்தரவில்லை. குளிர்ந்த இன்ஜினின் கடகடப்பும், ஸ்டியரிங்கில் வரும் நடுக்கமும் எவ்வளவு நல்ல டீசலிலும் முழுதாகப் போகாது.

மைலேஜ் எங்கிருந்து வருகிறது

டீசல் காரின் மைலேஜுக்கு மூன்று காரணங்கள். முதலாவது எரிபொருளே. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல், பெட்ரோலில் சுமார் 32. லிட்டருக்கு லிட்டர் டீசல் கனமானது, அதனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் இன்ஜினின் திறமையே இல்லை. இரண்டாவது அமுக்க விகிதம்: பெட்ரோலில் 9க்கு 1 முதல் 14க்கு 1 வரை, டீசலில் 15க்கு 1 முதல் 18க்கு 1 வரை. காற்றை அவ்வளவு அமுக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் தேவையில்லை. மூன்றாவது, பலரும் கவனிக்காதது: பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைக் குறைக்கத் த்ராட்டில் வால்வு காற்றின் வழியை அடைக்கிறது. அந்த அடைப்பை மீறிக் காற்றை உறிஞ்சவே பிஸ்டன் கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கும். டீசல் இன்ஜின் காற்றைத் தடையின்றி உள்ளே விட்டு, தெளிக்கும் டீசலின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. ஐடிலிலும் (வண்டி நிற்க இன்ஜின் சும்மா ஓடும்போது) நிதான ஓட்டத்திலும் டீசல் குறைவாகக் குடிப்பது இதனால்தான்.

ஓட்டும் பாணியும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டர்போ பெட்ரோல் காரை மென்மையாக ஓட்டினால் விளம்பர எண்ணுக்குப் பக்கத்தில் மைலேஜ் வரும். அழுத்தி ஓட்டினால், வெப்பத்தைத் தணிக்க இன்ஜினே கூடுதல் பெட்ரோல் தெளிக்கத் தொடங்கும். மைலேஜ் சரசரவென்று இறங்கும். டீசலில் சுமையும் வேகமும் கூடினாலும் இறக்கம் அவ்வளவு இருக்காது. அதிவேகத்தில் நீண்ட தூரம், அல்லது ஏழு பேர் ஏறும் கனமான வண்டி என்றால் இந்த வித்தியாசம் இன்னும் விரியும்.

டீசல் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுத்த விலை எப்போது திரும்பும் என்பதை லிட்டரிலேயே கணக்குப் போடலாம், எந்த ஊர் விலைக்கும் பொருந்தும். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் கார் 20 என்று வைப்போம். நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 6.67 லிட்டர், டீசல் 5 லிட்டர். இரண்டும் ஒரே விலை என்றால் மிச்சம் 1.67 லிட்டர். டீசல் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் 1,000 லிட்டர் எரிபொருளின் விலைக்குச் சமம் என்றால், 60,000 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்டது திரும்பும். டீசல் 10 சதவீதம் மலிவாக இருந்தால் அது 46,000க்கு இறங்கும். டீசல் சர்வீஸுக்கு ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் 30 லிட்டர் விலை கூடுதலாகப் போகிறது என்றால், ஒரே விலைக் கணக்கில் 60,000 என்பது 73,000 ஆகும். அந்த 30 லிட்டரைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. டீசல் இன்ஜின் ஆயிலை அதிகம் கொள்ளும், அதன் ஃபியூல் ஃபில்டர் விலை கூடியது, கிளட்ச் மாற்றும்போது இரட்டை ஃப்ளைவீலும் சேர்ந்து வரலாம்.

டிபிஎஃப்: டீசல் வாங்குமுன் படிக்க வேண்டிய பகுதி

டிபிஎஃப் என்பது தேன்கூடு மாதிரி சிறு சிறு துளைகள் கொண்ட பீங்கான் உருளை. ஒரு துளை விட்டு ஒரு துளை அடைத்திருக்கும். புகை சுவரை ஊடுருவித்தான் அடுத்த துளைக்குப் போக முடியும், கரி அங்கேயே தங்கிவிடும். தங்கிய கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். நகர ஓட்டத்தில் டீசல் புகையின் வெப்பம் பெரும்பாலும் 150 முதல் 250 டிகிரிதான். அதனால் ஃபில்டரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டியதும், இன்ஜின் கம்ப்யூட்டர் தாமதமாக இன்னொரு தெளிப்பு டீசலைச் சிலிண்டருக்குள் விடும். அது அங்கே முழுதாக எரியாமல் புகையோடு போய்க் கேட்டலிஸ்ட்டில் எரிந்து ஃபில்டரைச் சூடாக்கும். இதுதான் ரீஜெனரேஷன். சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை வரும், 10 முதல் 20 நிமிஷம் எடுக்கும்.

அது நடக்கும்போது பல கார்களில் டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. அறிகுறிகளை நாம்தான் பார்க்க வேண்டும். ஐடில் 800இலிருந்து 950, 1,000 வரை ஏறியிருக்கும். சிக்னலில் தானாக இன்ஜின் அணைவது நின்றுவிடும். உடனடி மைலேஜ் எண் காரணமில்லாமல் இறங்கும். வண்டியை நிறுத்தினால் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், அடியிலிருந்து சூடான உலோக வாடை வரும். இந்த நிலையில் சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. இன்னும் 10 நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்துவது நல்லது. ஒரு முறை தவறினால் ஒன்றும் ஆகாது. தொடர்ந்து தவறினால் இரண்டு கெடுதல். கரி எரியாமல் சேரும். தாமதமாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறினால் அதுதான் அர்த்தம். அதிகபட்சக் கோட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும். நீர்த்துப்போன ஆயில் முதலில் அரிப்பது டர்போவின் பேரிங்கை.

ஃபில்டர் விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது: டாங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள், பல கார்களில் அதற்குக் கீழே இருந்தால் ரீஜெனரேஷன் தொடங்காது. திறந்த சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் இருக்கும் கியரில், 15 முதல் 20 நிமிஷம் சீராக ஓட்டுங்கள். கார் புத்தகத்தில் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. விளக்கு அணையாமல் இன்ஜின் சக்தியும் குறைந்துவிட்டால், காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வைத்துக் கட்டாய ரீஜெனரேஷன் செய்ய வேண்டும். கரி அதற்கும் மேல் போயிருந்தால் ஸ்கேனரே மறுத்துவிடும். அவ்வளவு கரி ஒரே நேரத்தில் பற்றினால் பீங்கான் வெடித்துவிடும் என்பதால்.

நல்ல மெக்கானிக் ஃபில்டரை மாற்றச் சொல்லுமுன் கூலன்ட் வெப்பத்தைப் பார்ப்பார். கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் இன்ஜின் 65, 70 டிகிரியிலேயே நின்றுவிடும், கம்ப்யூட்டர் ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினாலோ, புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு ஒட்டிக்கொண்டாலோ, டர்போ குழாயில் சிறு கிழிசல் இருந்தாலோ கரி அதிகம் உண்டாகும். மூல காரணத்தை விட்டுவிட்டுப் புது ஃபில்டர் போட்டால் அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அடைத்துக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: அடைத்தது ஏன்?

கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. இன்ஜின் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சுவது அது. அதனால்தான் சாம்பல் குறைந்த, ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) தரத்தில் சி வகை ஆயிலையே ஊற்றச் சொல்கிறார்கள். விலை மலிவு என்று பழைய வகை டீசல் ஆயிலை ஊற்றினால் ஃபில்டரின் ஆயுளைத்தான் குறைக்கிறோம். ஃபில்டரைக் குடைந்து எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அந்தக் கரி முழுவதும் பின்னால் வருபவரின் நுரையீரலுக்குப் போகிறது.

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஆட்புளூ என்ற திரவம் தேவைப்படும் டீசல்களில் இன்னொரு டாங்க் இருக்கும். அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி கனிமம் நீக்கிய நீர். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை செலவாகலாம். முழுதாகத் தீர்ந்துபோனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நிற்காது, ஆனால் அணைத்தபின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும், அதற்காகவே டாங்கில் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கேட்டலிஸ்ட் கெடும். தவறிப்போய் ஆட்புளூவை டீசல் டாங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. பம்ப் முதல் இன்ஜெக்டர் வரை உப்பாகப் படிந்துவிடும்.

இன்ஜெக்டர்கள் அடுத்தது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் அமைப்புதான் காமன் ரெயில்; முதல் காமன் ரெயில் பயணிகள் கார் 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 மாடலில் வந்தபோது அழுத்தம் 1,350 பார். இன்று 2,000 முதல் 2,500 பார். அந்த அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளிகள் மைக்ரான் கணக்கு. டீசலில் கலந்த துளி நீரும் தூசும் அங்கேதான் வேலையைக் காட்டும். சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி ஒரே அளவுள்ள கண்ணாடிக் குழல்களில் விட்டு, இன்ஜினைச் சில நிமிஷம் ஐடிலில் ஓட விட்டால் நான்கிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு ஏற வேண்டும். எது மட்டும் விறுவிறுவென்று நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. புதிது போட்டால் அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அடியில் உள்ள செம்பு வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். பழைய வாஷரையே போட்டால் புஸ் புஸ் என்று காற்று கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போல் கரி கட்டிவிடும். அதன்பின் கழற்றுவதே பெரிய பாடு. ஒன்று சொல்லியாக வேண்டும்: இன்ஜின் ஓடும்போது உயரழுத்தக் குழாயை யாரும் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டீசல் ஃபில்டரை 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள், புத்தகம் சொல்லும் இடைவெளியில் மாற்றி, அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். மாற்றியபின் உடனே செல்ஃப் அடிக்காமல், சாவியை ஆன் செய்து அணைப்பதைப் பல முறை செய்தோ கைப்பம்பை அழுத்தியோ ஏர் லாக்கை, அதாவது குழாயில் சிக்கிய காற்றை, எடுக்க வேண்டும். உயரழுத்தப் பம்புக்கு மசகே டீசல்தான், வெறுமையாகச் சுற்றினால் தேயும்.

பெட்ரோலுக்குத் தொல்லையே இல்லையா

இருக்கிறது. எந்தப் பெட்ரோல் என்பதைப் பொறுத்தது. இன்டேக் குழாயில் தெளிக்கும், டர்போ இல்லாத பழைய பாணி இன்ஜின்தான் இன்றும் எல்லாவற்றிலும் எளியது. ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட் இவற்றைச் சரியாகப் பார்த்தாலே நெடுநாள் வரும். சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர், இரிடியம் 1,00,000 வரை. பிளக் இடைவெளி தேய்ந்து அகலும்போது இக்னிஷன் காயில் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்க வேண்டிவரும், அதனால் பழைய பிளக்கை விட்டுவைத்தால் காயிலும் சேர்ந்து போகும்.

சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகத் தெளிக்கும் பெட்ரோல் இன்ஜினில் இன்டேக் வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. ஆயில் ஆவி அங்கே சுட்டுக் கரியாகப் படியும். குளிர்ந்த இன்ஜின் தடுமாறுவது, ஐடில் நடுங்குவது, சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை என்ற மிஸ்ஃபயர் பிழைக் குறியீடு கம்ப்யூட்டரில் வருவது இதன் அறிகுறி. டாங்கில் ஊற்றும் கிளீனர் அந்த வால்வைத் தொடவே தொடாது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் உறுதியான வழி. டர்போவும் நேரடித் தெளிப்பும் சேர்ந்த சிறிய இன்ஜின்களில் இன்னொரு ஆபத்து: குறைந்த ஆர்பிஎம்மில் உயர்ந்த கியரில் காலை ஒரேயடியாக அழுத்தினால், ஸ்பார்க் வருமுன்பே கலவை பற்றிப் பிஸ்டனை உடைக்கக்கூடும். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்பி தர ஆயில் இதைத் தடுக்கும் சோதனையில் தேறியது. அந்த ஆயிலையே ஊற்றுங்கள், 1,500 ஆர்பிஎம்மில் ஆறாவது கியரில் ஓவர்டேக் செய்யாதீர்கள்.

புதிய நேரடித் தெளிப்புப் பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் துகள் ஃபில்டர் வந்துவிட்டது. அது டீசலைப் போல் படுத்துவதில்லை. பெட்ரோல் புகை இயல்பிலேயே சூடு அதிகம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும், அந்த ஆக்சிஜனில் கரி தானாக எரிந்துவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் மைலேஜைக் குறைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான். 20 சதவீதக் கலவையில் ஆற்றல் 6, 7 சதவீதம் குறையும். மேலே போட்ட லிட்டர் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். உயர் ஆக்டேன் பெட்ரோல் பற்றி ஒரே வரி: கார் புத்தகம் கேட்டால் ஊற்றுங்கள், கேட்காத காருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

புகை விஷயத்தில் இரண்டு தரப்பும் பாதி உண்மை பேசுகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசலில் 2.6 கிலோவுக்கு மேல். மேலே சொன்ன மைலேஜில் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 153 கிராம், டீசல் 130ஐ ஒட்டி. அதில் டீசல் முன்னே நிற்கிறது. நைட்ரஜன் ஆக்சைடில் டீசல் பின்தங்கியது. 2015இல் ஃபோக்ஸ்வேகன் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் வைத்திருந்தது வெளிவந்ததற்குப் பின்னணியே அந்த வாயுவைக் கட்டுப்படுத்துவதில் இருந்த சிரமம்தான். பெட்ரோலில் காற்றும் எரிபொருளும் 14.7க்கு 1 என்ற சரியான விகிதத்தில் எரிவதால் மூவழிக் கேட்டலிஸ்ட் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. டீசலில் எப்போதும் காற்று மிகுதி, அதனால் அந்தக் கேட்டலிஸ்ட் உதவாது.

எங்கள் தேர்வு: ஒரு ஓட்டம் 10 கிலோமீட்டருக்குள் முடியும் என்றால், வருஷத்துக்கு எவ்வளவு ஓடினாலும் சரி, டர்போ இல்லாத பெட்ரோல் அல்லது பெட்ரோல் ஹைப்ரிட். பெரும்பாலான ஓட்டம் 30 கிலோமீட்டரைத் தாண்டி, அதில் பாதியாவது தடையில்லாத சாலை என்றால் டீசல் தைரியமாக வாங்கலாம். மலை, கனம், ஏழு இருக்கை என்றால் இன்னும் தைரியமாக. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் டர்போ பெட்ரோலைப் பார்க்கலாம், காலை அடக்கி ஓட்டத் தெரிந்தால்.

வீட்டில் இரண்டு வகைக் காரும் இருந்தால் பெட்ரோல் பங்கில் கவனம் தேவை. டீசல் நாசில் பொதுவாகப் பருத்தது, பெட்ரோல் காரின் குறுகிய வாயில் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் நாசில் மெல்லியது, டீசல் டாங்கில் தாராளமாக நுழையும். நடக்கும் தவறும் பெரும்பாலும் அதுதான், அதிகம் சேதம் செய்வதும் அதுதான்: பெட்ரோலில் மசகுத்தன்மை இல்லாததால் உயரழுத்தப் பம்ப் தேய்ந்து உலோகத் தூள் இன்ஜெக்டர் வரை போகும். கவனித்த உடனே சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாமல், வண்டியை நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்டி, டாங்கை முழுதாக இறக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்யாதவரை செலவு டாங்கைச் சுத்தம் செய்வதோடு முடியும்.

பழைய டீசல் வாங்குபவர்கள் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். போகுமுன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிரில் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்காமல் வெள்ளைப் புகையோடு தடுமாறினால் ஹீட்டர் பிளக்கோ கம்ப்ரஷனோ இன்ஜெக்டரோ காரணம். ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமில்லை, டீசலில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். மட்டம் கோட்டுக்கு மேல் இருப்பதும், முகர்ந்தால் டீசல் வாடை அடிப்பதும்தான் குற்றம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி லேசாக வையுங்கள். மூடி குதித்துப் புகை பலமாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சைலன்சர் குழாயின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். ஃபில்டர் நல்ல நிலையில் உள்ள டீசலில் துணி கிட்டத்தட்ட சுத்தமாகவே வரும்; அடர்ந்த கரி ஒட்டினால் ஃபில்டர் உடைந்திருக்கிறது அல்லது எடுத்துவிட்டார்கள். கடைசியாக ஸ்கேனரை மாட்டி, கரி அளவு, சாம்பல் அளவு, கடைசி ரீஜெனரேஷன் எத்தனை கிலோமீட்டருக்கு முன் நடந்தது என்ற மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். ரீஜெனரேஷன் 100 கிலோமீட்டருக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தால், புது ஃபில்டரின் விலையைக் கேட்டுவிட்டு அதன்பின் பேரம் பேசுங்கள்.